யோசனைக்காரி

கால் இரண்டையும் தூக்கி அவன் மடியில் போட்டுக்கொண்டு அவள் தலையணையில் சாய்ந்திருந்தாள். வயிறு பெரிதான பிறகு குனிந்து தன் கால்விரலைத் தொட அவளால் முடியவில்லை. அதனால் நகம் வெட்டிவிடும் வேலை அவன் தலையில் விழுந்தது. பட்டறையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்து, சோப்புப் போட்டு இரண்டு தரம் கை கழுவிவிட்டு, நகவெட்டியோடு உட்கார்ந்திருந்தான்.

"ஏங்க, மெதுவா. என்ஜினைப் பிரிக்கிற மாதிரி முறைச்சுப் பாக்காதீங்க. அது என் கால்."

"ஆடாம இரு. வெட்டுப்பட்டா அப்புறம் என்னைத்தான் சொல்வே."

"பின்ன யாரைச் சொல்றது, எதிர்வீட்டுக்காரரையா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பில் வயிறு குலுங்கியது. உள்ளே இருப்பதும் சேர்ந்து சிரிக்கிறது என்றாள். ஒரு கால் முடிந்து அவன் நிமிர்ந்தபோது அவள் தூங்கிப்போயிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்ப மனம் வரவில்லை. மற்றக் காலைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று மடியிலிருந்து பாதங்களை அலுங்காமல் இறக்கி வைத்துவிட்டு, மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பட்டறைக்குப் போனான்.

தூங்கி எழுந்ததுமே அவளுக்குத் தலைவலி மண்டையைப் பிளந்திருக்கிறது. கண் மங்கலாகத் தெரிகிறது என்று தன் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறாள். அக்கா வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், மருத்துவமனை வாசலை மிதிப்பதற்குள் வலிப்பு வந்துவிட்டது. ரத்த அழுத்தம் கைமீறிப் போயிருந்தது. டாக்டர்கள் உடனே அறுவை செய்து, நாள் நிறையாத குழந்தையை வெளியே எடுத்தார்கள். அவளைக் காப்பாற்ற முடியவில்லை. கிரீஸ் படிந்த உடுப்போடு அவன் ஓடிவந்து நின்றபோது, ஒரே கதவிலிருந்து இரண்டு செய்தியும் வந்தன. மனைவி போய்விட்டாள், பெண் குழந்தை, உயிரோடு இருக்கிறது. எந்தச் செய்திக்கு எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆக வேண்டிய காரியங்கள் எல்லாம் ஆகி, வந்தவர்கள் எல்லாம் வந்த வழியே திரும்பிய பிறகும், அவன் குழந்தையை நேரில் போய்ப் பார்க்கவில்லை. அக்காதான் தினமும் போனாள். அவன் வராந்தாவரைக்கும் போவான். குறைமாதக் குழந்தைகள் இருக்கும் அந்த வார்டின் கண்ணாடி வழியாக, வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஜன்னலோரம் இருப்பதை மட்டும் பார்ப்பான். பெட்டிக்குள் துணிச்சுருளும் வயர்களும் தெரியும். அவற்றுக்கு நடுவில் கைப்பிடி அளவுக்கு ஏதோ ஒன்று இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும்.

ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு வார்டின் பெரிய நர்ஸ் வெளியே வந்தார். கனத்த உடம்பு, கண்ணாடி மூக்கு நுனியில்.

"ஜன்னலோரக் குழந்தையோட அப்பா யாரு?"

அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான்.

"பின்னால சுவர்தான்ப்பா இருக்கு. நீங்கதானே?"

அப்போதுதான் உறைத்தது. அப்பா என்ற அந்த வார்த்தையை அதுவரை யாரும் அவன்மேல் வைத்ததில்லை.

"உள்ள வாங்க. உங்களுக்கு வேலை இருக்கு."

வேலை என்றதும் கால் தானாக நடந்தது. ஆனால் என்ன வேலை என்று கேட்டதும் அப்படியே நின்றுவிட்டான். சட்டையைக் கழற்றிவிட்டு, குழந்தையை வெறும் மார்பில் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டுமாம். தோலோடு தோல் ஒட்டி இருந்தால் குழந்தைக்குச் சூடு கிடைக்கும், எடை ஏறும், மூச்சும் சீராகும் என்றார் நர்ஸ். வழக்கமாக அம்மா செய்வது, அப்பாவும் செய்யலாம்.

"அக்கா செய்யட்டுமே, சிஸ்டர்."

"அக்கா காலையில செய்யறாங்க. அவங்களுக்கும் இடுப்புன்னு ஒண்ணு இருக்குல்ல? மதியம் உங்களோடது."

கை கழுவும் தொட்டியில் முழங்கைவரை தேய்க்கச் சொன்னார். தேய்த்தான். விரல் ரேகைகளில் கறுப்பு அப்படியே நின்றது.

"இது போகாது சிஸ்டர். இது என் நிறமாவே ஆயிடுச்சு."

"அழுக்கு போனாப் போதும். கறை இருந்துட்டுப் போகட்டும்."

நாற்காலியில் சாய்ந்தான். நர்ஸ் பெட்டியைத் திறந்து, வயர்களை ஒரு கையால் ஒதுக்கி, மறு கையால் குழந்தையை எடுத்தார். ஒரு டயப்பர், ஒரு கம்பளித் தொப்பி. மற்றபடி அவள் பிறந்த கோலம். மூக்கில் பால் போகும் மெல்லிய குழாய். தவளையைப் போல் கைகாலை மடக்கி, நிமிர்த்தி அவன் மார்பில் பொருத்தி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்து, இருவரையும் சேர்த்து அகலமான துணியால் சுற்றினார்.

ஒரு கார்புரேட்டரின் கனம்கூட இல்லை. இப்படித்தான் முதலில் அவனுக்குத் தோன்றியது. பிறகு கண்ணைத் தாழ்த்திப் பார்த்தான். தோல் அவ்வளவு மெல்லியதாக இருந்தது. அடியில் நீல நரம்புகள் ஓடுவது தெரிந்தது. இமைகளில் முடி இல்லை. ஆனால் விரல் ஒவ்வொன்றிலும் நகம் இருந்தது. எள்ளில் பாதி இருக்கும், அதிலும் ஓரம் வளைந்து, பிறை கூட வைத்து, யாரோ பூதக்கண்ணாடி வைத்துச் செதுக்கியது போல. வாழ்நாள் முழுக்க இரும்பில் நுணுக்க வேலை பார்த்தவன் அவன். இந்த அளவில் இந்தச் சுத்தத்தை அவன் பார்த்ததில்லை. காது மட்டும் முடிக்காத வேலையாக இருந்தது. நனைந்த காகிதம் போல மடிந்து, மடிந்தபடியே கிடந்தது. நர்ஸ் ஒரு விரலால் அதை மெல்ல நிமிர்த்திவிட்டார்.

"காதுல எலும்பு மாதிரி விறைப்பு இன்னும் வரல. வரும்."

"யார் வந்து வைப்பாங்க?" என்று வாயில் வந்துவிட்டது.

நர்ஸ் சிரித்தார். "அதது நாள் வர்றப்ப தானா வரும்ப்பா. நாம சூடும் பாலும் குடுத்துட்டு வேடிக்கை பாக்கறதுதான்."

காது என்றால் அவனுக்குத் தனி அக்கறை உண்டு. பட்டறையில் அவன் பெயரே காதுதான். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஓடுகிற என்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கோளாறு எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்வான். கேட்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வான். தன் மூச்சு குறுக்கே வந்தால் உள்ளே நடப்பது பிடிபடாது. "டேய், காது மூச்சைப் பிடிச்சுட்டான், எவனும் இருமிடாதீங்கடா" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். மனைவியின் வயிற்றில் காது வைத்துக் கேட்டபோதும் அப்படித்தான். அவள் விலாவில் குத்துவாள். "மூச்சை விடுங்க. நான் லாரி இல்ல."

இப்போதும் அப்படித்தான் கேட்டான். குழந்தையின் மூச்சு மிகச் சன்னமாக, அவசர அவசரமாக, அவன் கழுத்துக்குழியில் பட்டது. நன்றாகக் கேட்க வேண்டும் என்று தன் மூச்சை நிறுத்தினான். சன்னமாக வந்தது திடீரென்று நின்றது. அவன் இன்னும் கூர்ந்தான். ஒன்றுமே வரவில்லை. பக்கத்தில் இருந்த கருவி கத்த ஆரம்பித்தது. நர்ஸ் எட்டி வந்து, துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதத்தை ஒரு சுண்டு சுண்டினார். குழந்தை உதறி, பெரிதாக ஒரு மூச்சை இழுத்து, மறுபடி ஓட ஆரம்பித்தது.

நர்ஸ் அவன் பக்கம் திரும்பினார்.

"பயப்படாதீங்க. சீக்கிரம் வந்துட்ட குழந்தைங்க இப்படித்தான். மூச்சு விடணும்னு ஞாபகப்படுத்தற இடம் மூளையில இன்னும் பழுக்கல. நடுவுல மறந்துடும். அதுக்கு மருந்தும் போகுது. காப்பியில இருக்குமே, அதே சரக்கு."

"காப்பி குடிக்கிறாளா?"

"குடிக்கிறா. ஆனாலும் உங்க பொண்ணு யோசனைக்காரி. ஒவ்வொரு மூச்சையும் எடுக்கலாமா வேணாமான்னு யோசிச்சுட்டுத்தான் எடுக்கறா."

அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வார்டில் எல்லாக் குழந்தைக்கும் நர்ஸ் ஒரு பெயர் வைத்திருந்தார். அடுத்த பெட்டியில் இருந்த, இவளைவிடச் சின்னப் பையனுக்குப் பயில்வான் என்று பெயர். பயில்வானின் அம்மா வாயாடி. அவள்தான் அந்த அறையின் வானொலி.

ஆனால் மறுநாளும் அதேதான் நடந்தது. அதற்கு மறுநாளும். அக்காவின் மார்பில் குழந்தை சமர்த்தாகக் கிடந்தது. அவனிடம் வந்தால் கருவி கத்தியது. மூன்றாம் முறை கத்தியபோது அவன் துணியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

"எனக்கு ஒத்துவரல சிஸ்டர். எடுத்துடுங்க. அக்காகிட்டயே இருக்கட்டும்."

"என்ன தம்பி பேச்சு இது?" என்றாள் வாசலில் நின்ற அக்கா.

"உங்ககிட்ட நல்லா இருக்காக்கா. என்கிட்ட வந்தா மூச்சு நிக்குது. இதுக்கு மேல என்ன சொல்லணும்? ஒருத்தியப் பறிகொடுத்தாச்சு. இவளையும் என் கையாலயே..."

பயில்வானின் அம்மா தன் பையனை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

பெரிய நர்ஸ் முடிச்சை அவிழ்க்கவும் இல்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"வைங்கப்பா. அப்படியே இருங்க. நான் பாக்கறேன்."

அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார். மூக்கு நுனிக் கண்ணாடிக்கு மேலாக, ஆடாமல் அசையாமல் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்:

"நீங்க ஏன் மூச்சைப் பிடிச்சுக்கறீங்க?"

"இல்லையே."

"பிடிச்சீங்க. இப்பக்கூடப் பிடிச்சீங்க."

அவன் யோசித்தான். "கேக்கணும்ல, சிஸ்டர்? அவ மூச்சு சரியா வருதான்னு கேக்கணும்ல?"

"கேக்கறதுக்குத்தான் இவ்வளவு பெரிய மிஷினைக் கட்டி வெச்சிருக்கோம். அது கேக்கட்டும். உங்க வேலை மூச்சு விடறது."

"நான் மூச்சு விட்டா அவளுக்கு என்ன?"

நர்ஸ் குழந்தையின் முதுகைச் சுட்டிக் காட்டினார். "நீங்க மூச்சு இழுத்தா அவ மொத்தமா மேல போறா. விட்டா இறங்கறா. அவ படுத்திருக்கற தரையே அசையுது. அந்த அசைவு அவளை மறக்காம இருக்க வைக்குது. நீங்க மூச்சைப் பிடிச்சீங்கன்னா தரை நின்னுடுது. இதுதான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன்ப்பா. உங்க அக்காகிட்ட இருக்கறப்பவும் எப்பவாவது மறந்திருக்கா, பெட்டியிலயும் மறந்திருக்கா. ஆனா இத்தனை வருஷத்துல நான் பாத்தது, ஆடற நெஞ்சுல இருக்கற குழந்தைங்க நல்லா மூச்சு விடும். விட்டுத்தான் பாருங்களேன்."

சொல்வதற்குச் சுலபமாக இருந்தது. கேட்காமல் இருப்பது அவனுக்கு வராத வித்தை. ஒரு பொருளைக் கவனித்துக்கொள்வது என்றால் அதை உற்றுக் கேட்பது என்றே பழகியவன். காதை விலக்கிவிட்டு மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருப்பது, ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுப் பாட்டுக் கேட்பது போல இருந்தது. இழுத்தான், விட்டான். நினைத்து நினைத்து விடும்போது மூச்சுகூடக் கோணலாக வந்தது.

"என்னண்ணே, பஞ்சருக்குக் காத்தடிக்கிறீங்களா?" என்றாள் பயில்வானின் அம்மா. "சாதாரணமா விடுங்க. சின்ன வயசுலேர்ந்து விட்டுட்டுத்தானே இருக்கீங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் சாவு விழுந்த பிறகு வந்த முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பில் அவன் மார்பு குலுங்க, அதன்மேல் இருந்தவளும் சேர்ந்து குலுங்கினாள்.

அப்போது அது நடந்தது. குலுங்கல் அடங்கியதும் குழந்தை யோசிக்க ஆரம்பித்தாள். கழுத்துக்குழியில் படும் சூடு நின்றது. உடம்பு முழுக்கக் காதாகி அவன் விறைத்தான். மூச்சு தானாக அடைத்துக்கொள்ளப் பார்த்தது. கருவியில் எண் இறங்கத் தொடங்கியது. நர்ஸ் எழுந்து குழந்தையின் பாதத்தருகே விரலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, சுண்டாமல், அவன் கண்ணைப் பார்த்துத் தலையை அசைத்தார். விடுங்க.

அவன் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தான். அவள் மேலே போனாள். விட்டான். இறங்கினாள். எதையும் கேட்கவில்லை, காதுக்குள் ஒரு பெரிய கதவைச் சாத்திவிட்டது போல இருந்தது. மறுபடி இழுத்தான். மேலே போன அந்தச் சிறிய உடம்பு, உச்சியில் ஒரு கணம் நின்றது. பிறகு அவன் விடுவதற்கு முன்பாக, அது தானாக இழுத்தது. அந்தப் பூஞ்சை விலா விரிந்து தன் மார்பில் பதிவதை அவன் தோலால் உணர்ந்தான். இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. கருவி கத்தவேயில்லை. எண் படியேறுவது போல ஏறியது.

பெரிய நர்ஸ் விரலை எடுத்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாக இந்த வார்டில் இருப்பவர், அவரும் நின்று பார்த்தார். வாசலில் அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு மனுஷி தன் மூச்சைத் தானே எடுத்துக்கொள்வதை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. உலகத்தில் எல்லோரும் அதைச் செய்கிறார்கள். பேருந்தில் தூங்குகிறவன், கடையில் பேரம் பேசுகிறவள், வார்டுக்கு வெளியே கொட்டாவி விடும் காவலாளி. யாரும் அதைப் பெரிதாக எண்ணுவதில்லை. ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் இப்படி ஒரு முதல் யோசனையைக் கடந்துதான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தபோது அவனுக்கு மயிர்க்கூச்செடுத்தது.

"அப்பா," என்றார் நர்ஸ். "அழுங்க, வேணாம்னு சொல்லல. ஆனா தொப்பி நனையுது."

அதற்குப் பிறகு மதியங்கள் அவனுடையவை ஆயின. கருவி கத்தாத நாள் என்று ஒன்றும் உடனே வந்துவிடவில்லை. கத்தும், சில சமயம் பாதத்தைச் சுண்டவும் வேண்டியிருக்கும். ஆனால் அவன் முடிச்சைத் தொடவில்லை. பட்டறையில் காலையில் மட்டும் வேலை. முதலாளி முணுமுணுக்காமல் விட்டார். நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டுக்கொண்டே, குழந்தை தன்னைத் தானே கட்டி முடிப்பதை அவன் வேடிக்கை பார்த்தான். இமையில் பஞ்சு போல முடி வந்தது. ஒரு நாள் மடிந்த காதை விரலால் நிமிர்த்தப் போனால், அது அவன் விரலை எதிர்த்துத் தானாகத் துள்ளி நின்றது. அன்றைக்கு அந்தச் சேதியை அவன் பயில்வானின் அம்மாவிடம் சொல்ல, அவள் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சப்பத் தெரியாமல் இருந்தவள் சப்பினாள். சப்பவும் விழுங்கவும் மூச்சு விடவும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளாமல் முறை வைத்துச் செய்யக் கற்றுக்கொண்டாள். மூன்று சிலிண்டர் வரிசையாக அடிப்பது போல என்று அவன் சொல்ல, நர்ஸ் "உங்க பட்டறைக் கணக்கு இங்கேயுமா?" என்று அலுத்துக்கொண்டார். மூக்குக் குழாயை எடுத்தார்கள். யோசனை குறைந்துகொண்டே வந்து, பிறகு காப்பியையும் நிறுத்திவிட்டார்கள். நிறுத்திய பிறகும் அவள் மறக்கவில்லை. சில நாள் அப்படியே வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார் டாக்டர்.

"மிஷின்?" என்று கேட்டான் அவன்.

"மிஷின் எதுக்கு? அவளே போதும்," என்றார் பெரிய நர்ஸ். "தூங்க வைக்கறப்ப மல்லாக்கத் தனியாப் படுக்க வைங்க. நெஞ்சுல வெச்சிருக்கறப்ப நீங்க தூங்கிடாதீங்க, இல்லாட்டி பக்கத்துல ஒருத்தர் முழிச்சிருக்கணும். சும்மா சும்மா எழுப்பிப் பாக்காதீங்க. பாவம், அவளும் எவ்வளவுதான் உங்களுக்கு நிரூபிப்பா?"

வீட்டில் அன்று மதியம் அமைதியாக இருந்தது. எண் காட்டும் பெட்டி இல்லை, விளக்கு இல்லை, கத்துவதற்கு ஒன்றுமில்லை. அக்கா கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் தலையணையை உயர்த்தி வைத்துச் சாய்ந்து, குழந்தையை மார்பில் வாங்கிக்கொண்டான். இங்கே கேட்பதற்கு மிஷின் இல்லை என்ற நினைப்பு வந்ததும், பழைய பழக்கம் எட்டிப் பார்த்தது. கேட்டுவிடலாமா என்று ஆசையாக இருந்தது. வேண்டாம் என்று மூச்சை விட்டான். இழுத்தான். அவள் ஏறினாள், இறங்கினாள்.

கண் விழித்தபோது எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. தூங்கிவிட்டோம் என்ற உணர்வு முதலில் வந்தது. அதன் பின்னாலேயே பயமும் வந்தது.

"அக்கா!"

"கத்தாதீங்க தம்பி, எழுந்துடுவா."

"நான் தூங்கிட்டேன்."

"தெரியும். குறட்டை வேற. நான் கண்ணை எடுக்கல."

"அவ?"

"அவளும் தூங்கினா."

"நடுவுல... நின்னுச்சா?"

அக்கா மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உங்க குறட்டை ரெண்டு தடவை நின்னுச்சு தம்பி. நான் பயந்தே போயிட்டேன். அவ நிறுத்தவே இல்ல. நீங்க நின்னப்பவும் அவ பாட்டுக்கு விட்டுட்டே இருந்தா."

அவன் தலையைத் தாழ்த்திப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரையும் கேட்காமல், யாருக்கும் காத்திராமல், விலா விரிந்து சுருங்கியது. அவன் அறியாத நேரம் முழுக்க அது நடந்திருக்கிறது. இனி அவன் இல்லாத இடங்களிலும் நடக்கும். பள்ளிக்கூடத்தில், பேருந்தில், அவன் போய்ச் சேர்ந்த பிறகும். அந்த எண்ணத்தின் அகலம் தாங்காமல் அவன் ஒரு கையால் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"இப்படி விளிம்புல தொங்கிட்டுப் படுத்திருக்கீங்களே," என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்தப் பக்கம் அவ்வளவு இடம் கெடக்கு. உள்ள தள்ளித்தான் படுங்களேன்."

"பரவால்லக்கா. பழகிடுச்சு."

குழந்தையை வாங்கித் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அக்கா சமையலறைக்குப் போனாள். அவன் தள்ளிப் படுக்கவில்லை. சுவரோரம் மனைவி படுக்கும் இடம். இன்றைக்கும் அதுதான்.